பாசிக்குப் பெயர் தந்த பேராசிரியர்

பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் என்றோர் இடம் உண்டு. மேலை நாடுகளுக்குச் சென்று புகழோடு திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் கரை இறங்கிய இடம் அது. இன்று அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் மண்டபத்தைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். ஆனால் அந்த மண்டபத்திற்கு முதுகைக் காட்டி நின்று கடலைப் பார்த்தால், நீருக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு தெரியும். அதுதான் குருசடைத் தீவு. அந்தத் தீவின் கரையோரப் பாசிகளை ஆராய்ந்து, 1927-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறோம். அவர் பெயர் பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார். மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி அய்யங்கார் என்பது முழுப் பெயர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அறிவியல் உலகம் அவரை அழைக்கிறது.

உண்மையைச் சொன்னால், சென்ற ஆண்டு வரை பாசியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கிணற்றடியில் அது இருந்தால் வழுக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எதைச் செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, எரிமலையும் சூரிய மண்டலமும் ஆண்டுதோறும் பார்த்து அலுத்துவிட்டன, உங்கள் வீட்டு வாசலில் கிடப்பதைக் கொண்டு வாருங்கள் என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை. எங்கள் வீட்டு வாசலில் கிடப்பது என்ன? கடற்கரை ஊர்களில் இருந்து வரும் தோழியர்க்குக் கேள்வியே இல்லை. சாக்கு விரித்து, வெயிலில் பரப்பி, காலால் தள்ளிக் காய வைத்த பாசிதான்! அப்படித்தான் இந்தப் பெரியவரின் பெயர் எங்களுக்கு அறிமுகமாயிற்று.

அவர் 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியிலே பயின்றார். படிப்பு முடிந்ததும் எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளரானார். ஆசிரியர்களுக்கு ஆசிரியராக இருந்தவர் என்று இதை நாங்கள் பெருமையோடு குறித்துக்கொண்டோம். 1920-ஆம் ஆண்டு முதல் தாம் படித்த மாநிலக் கல்லூரியிலேயே தாவரவியல் கற்பித்தார். அந்நாளில் அக்கல்லூரியின் தாவரவியல் துறையில் ஃபைசன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் இருந்தார். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதியவர் அவர். மலை உச்சிக்குப் போனவர் ஒருவர், குட்டைக்கும் கடற்கரைக்கும் போனவர் ஒருவர். ஒரே துறையில் இருவரும் இருந்திருக்கிறார்கள்.

அக்காலத்திலே பூக்கும் செடிகளை ஆராய்வோரே மிகுதி. பூவும் காயும் இல்லாத, வேரும் இலையும் என்று பிரித்துச் சொல்ல முடியாத பாசிகளை எடுத்துக்கொள்வோர் நம் நாட்டில் மிகச் சிலரே. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோயில் குளம், வயல் வரப்பு, மழைக்குப் பின் தெருவோரம் தேங்கிய நீர் எல்லாம் போதும். ஆனால் ஒரு துளி நீரை நுண்ணோக்கியின் கீழ் வைத்து மணிக்கணக்கில் குனிந்திருக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது என்பதற்கு அவர் எழுதிய கட்டுரைகளே சான்று.

1925-ஆம் ஆண்டு அவர் ஒரு புதிய பாசி இனத்தை உலகுக்கு அறிவித்தார். அதன் பெயர் ஹைட்ரோடிக்டியான் இண்டிகம். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். நீர்வலை, இந்தியாவைச் சேர்ந்தது என்பதுதான் அதன் பொருள். இந்தப் பாசி உண்மையிலேயே வலைபோல் இருக்கும். ஐந்து அல்லது ஆறு உயிரணுக்கள் நுனியோடு நுனி சேர்ந்து ஒரு கண்ணி. அதுபோல் பல கண்ணிகள் சேர்ந்து ஒரு வலை. மீனவர் வீட்டுப் பிள்ளைகளான எங்களில் சிலர் அதன் படத்தைப் பார்த்ததும், இது நம் வீட்டு மால் வலையல்லவா என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டனர். அதைவிட வியப்பு வேறொன்று. இந்த வலையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சின்னஞ்சிறு வலை ஒன்று முழுமையாக உருவாகிறது. தாய் அணுவின் சுவர் கரைந்ததும் குட்டி வலை வெளியே வந்து தனியே வளர்கிறது. ஒரு கண்ணி கூடக் குறையாமல்! வலை பின்னும் எங்கள் தாத்தாக்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள்.

இனி குருசடைக்கு வருவோம். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் கிரேவ்லி என்ற அறிஞர். மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் உள்ள இந்தச் சிறு தீவில், ஓதம் ஏறி இறங்கும் கரையில் வாழும் உயிர்களையெல்லாம் வகைவகையாக ஆராய்ந்து நூலாக வெளியிட ஏற்பாடு செய்தார். கடற்பஞ்சு ஒருவருக்கு, நண்டு ஒருவருக்கு, சிப்பி ஒருவருக்கு என்று பலர் பங்கிட்டுக்கொண்டு எழுதிய அந்த நூல் 1927-இல் வெளிவந்தது. அதில் தீவின் தாவரங்களைப் பற்றிய பகுதியை எழுதியவர் நம் பேராசிரியர். அந்தப் பகுதி எத்தனை பக்கம் தெரியுமா? நான்கே பக்கம்! நூறு பக்கம் எழுதியிருப்பார் என்று எண்ணியிருந்த எங்களுக்கு முதலில் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அந்த நான்கு பக்கத்தின் மதிப்பு எங்களுக்குப் பிறகுதான் விளங்கிற்று. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

அந்நாளில் சென்னையிலிருந்து இப்பக்கம் வருவோர் எழும்பூரில் போட் மெயில் ஏறுவார்கள். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தைக் கடந்து அந்த ரயில் தனுஷ்கோடி வரை செல்லும். பாம்பனில் இறங்கிப் படகு பிடித்தால் குருசடை. தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. பாறை இருப்பதால் அலை வந்து மோதி உடைகிறது; உட்புறம் நீர் குளம் போல் தெளிந்து கிடக்கிறது. வெயில் தரை வரை இறங்குகிறது. பாசிக்கு வேண்டியவை இவைதாமே: பிடித்துக்கொள்ள ஒரு கல், குடிக்க உப்பு நீர், சமைக்க வெயில்! ஆகவே பாசிகள் அங்கே செழித்து வளர்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் பார்த்தால் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று நிறத்திலும் கிடக்கும். அறிவியலாரும் கடற்பாசிகளை இந்த மூன்று நிறத்தை வைத்துத்தான் மூன்று பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள். பாசியோடு கடற்புல்லும் உண்டு. இந்தப் புல் பாசியன்று. இதற்கு வேர் உண்டு, நீருக்குள்ளேயே பூவும் பூக்கும். கடற்பசு என்று நாம் சொல்லும் ஆவுளியா மேய்வது இந்தப் புல்லைத்தான்.

இந்தப் பாசிகளுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வைத்திருக்கும் பெயர்களை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. கஞ்சிப்பாசி என்று நாங்கள் சொல்வதைத்தான் அறிவியல் கிராசிலேரியா எடுலிஸ் என்கிறது. மரிக்கொழுந்துப் பாசி என்பது ஜெலிடியெல்லா. இழை இழையாக, மரிக்கொழுந்துக் கிளை போலவே இருக்கும். கட்டக்கோரை என்பது சர்காசம். பக்கோடாப் பாசி என்பது டர்பினேரியா. கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் பக்கோடா என்று வைத்தார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். கடித்துப் பார்க்க வேண்டாம்! லத்தீன் பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்த அறிஞரின் பெயர் நிற்பது அறிவியல் மரபு. அது நியாயமே. ஆனால் கஞ்சிப்பாசிக்குக் கஞ்சிப்பாசி என்று முதலில் பெயர் வைத்த பெண் யார்? அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் நிற்கவில்லை. எங்களுக்கு அதில் ஒரு சிறு குறை உண்டு.

கடற்பாசியைப் பாடம் செய்வது எப்படி என்று எங்கள் ஆசிரியை கற்றுத் தந்தார். குந்துகால் கரையில் தானாக ஒதுங்கிக் கிடந்த பாசிகளை மட்டும் பொறுக்கி வந்தோம். அகலமான தட்டில் கடல்நீரை ஊற்றி, பாசியை அதில் மிதக்கவிட வேண்டும். அது நீரில் தன் கிளைகளையெல்லாம் அழகாக விரித்துக்கொள்ளும். அடியில் ஒரு கெட்டித் தாளைச் செலுத்தி, மெல்லத் தூக்கினால் பாசி அப்படியே தாளில் படிந்து வரும். மேலே மெல்லிய துணியை மூடி, செய்தித்தாள்களுக்கு இடையே வைத்துப் பாரம் ஏற்றி, நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும். பசையே வேண்டாம். பாசியின் உடம்பில் ஊறும் பசையே அதைத் தாளோடு ஒட்டிவிடுகிறது. நூறாண்டுக்கு முன் எடுத்த பாசிகளும் இப்படித்தான் உலகின் தாவரச் சேமிப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சனி, ஞாயிறு வந்தது. தாளை மாற்ற மறந்துவிட்டோம். திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும் வந்த மணத்தில் பத்தாம் வகுப்பு இரு பிரிவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின! மறுமுறை ஒழுங்காகச் செய்தோம். ஓர் ஊரின் பாசிகளை முழுவதும் சேகரிக்க எத்தனை நாள், எத்தனை தாள், எத்தனை பொறுமை வேண்டும் என்பது அப்போதுதான் எங்கள் புத்தியில் ஏறிற்று.

1930-ஆம் ஆண்டு பேராசிரியர் லண்டன் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. பத்தாண்டு பேராசிரியராக இருந்தவர், மீண்டும் மாணவராக அமர்ந்தார். அங்கே கிழக்கு லண்டன் கல்லூரியில் பாசிகளை ஆராய்ந்த பேரறிஞர் ஃபிரிட்ச் இருந்தார். (இக்கல்லூரியே 1934 முதல் குயின் மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. சென்னைக் கடற்கரையில் உள்ள இராணி மேரி கல்லூரி வேறு. எங்களில் சிலர் இரண்டையும் குழப்பிக்கொண்டோம்.) ஃபிரிட்ச் பாசிகளின் அமைப்பையும் இனப்பெருக்கத்தையும் பற்றி 1935-இலும் 1945-இலும் இரு பெரும் பாகங்களாக எழுதிய நூல் உலகெங்கும் பாசியியல் மாணவர்களுக்கு அடிப்படை நூலாக விளங்கியது. அவருடன் ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்தை நம்மவர் பெற்றார்.

அந்த ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்புதான் அவர் பெயரைத் தாவரவியல் பாடநூல்களில் நிலைக்கச் செய்தது. அதைக் கண்டது ஏதோ ஆழ்கடலில் அன்று. வற்றிக்கொண்டிருக்கும் மழைநீர்க் குட்டையின் வண்டலில்! சென்னையைச் சுற்றியும், மைசூர் நாட்டின் தாளகுப்பாவிலும் அத்தகைய சேற்றில் ஒரு சிறு பச்சைப் பாசி வளர்வதை அவர் கண்டார். 1932-இல் அதை விவரித்து, தம் ஆசிரியரின் பெயரால் ஃபிரிட்சியெல்லா டியூபரோசா என்று பெயர் சூட்டினார். ஆசிரியருக்குக் குருதட்சிணையாக ஒரு பாசியைத் தந்த மாணவர் இவர்.

இந்தப் பாசியில் அப்படி என்ன சிறப்பு? பெரும்பாலான பாசிகள் நீர் வற்றினால் வாடிவிடும். ஃபிரிட்சியெல்லாவோ சேற்றிலே வாழக் கற்றுக்கொண்டது. அதன் ஒரு பகுதி மண்ணுக்குள்ளே கிழங்கு போல் திரண்டு கிடக்கும். அதிலிருந்து வேர் போன்ற இழை கீழே இறங்கும். கிளைத்த இழைகள் மேலே காற்றில் எழும். மேற்பகுதி காய்ந்து போனாலும் மண்ணுக்குள் இருக்கும் திரள் காத்திருக்கும். அடுத்த மழையில் துளிர்க்கும். கண்மாய் வற்றினால் அடுத்த மழை வரும் வரை காத்திருக்கும் இராமநாதபுரத்துக்காரர்களாகிய நமக்கு இது மிகவும் நெருங்கிய சொந்தம் போலவே தோன்றியது. நீரில் இருந்த தாவரங்கள் நிலத்திற்கு எப்படி ஏறி வந்தன என்ற பெருங்கேள்விக்கு இந்தப் பாசி ஒரு துப்பு என்று அறிஞர்கள் கருதினார்கள். நிலத் தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவு வேறொரு பச்சைப் பாசிக் கூட்டம் என்பது பிற்கால ஆய்வின் முடிவு. ஆயினும் நிலத்தில் வாழ்வதற்கு ஒரு பாசி என்னென்ன செய்துகொள்ள வேண்டும் என்று காட்ட இன்றும் கல்லூரி ஆசிரியர்கள் கரும்பலகையில் வரைவது ஃபிரிட்சியெல்லாவைத்தான். நம் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டுப் போகிறோம். அவர் அதைக் கண்ணாடித் துண்டில் எடுத்து வைத்துப் பார்த்தார்!

1933-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தாவரவியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் அவரே. 1944-இல் ஓய்வு பெறும் வரை அப்பொறுப்பில் இருந்தார். அவரிடம் பயின்றவர்கள் பின்னர் நாட்டின் பல இடங்களில் ஆசிரியர்களானார்கள். அவர்களுள் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் எழுதிய பெருநூல் உலகப் புகழ் பெற்றது. வயலில் நெற்பயிருக்குக் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்துக் கொடுக்கும் பாசிகள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. கே.ஆர். இராமநாதன், எம்.எஸ். பாலகிருஷ்ணன் முதலியோரும் அவர் வழி வந்தவர்களே. இந்தியத் தாவரவியல் கழகம் 1946-ஆம் ஆண்டுக்குரிய தன் இதழின் ஒரு தொகுதியை அவர் நினைவைப் போற்றும் மலராகவே வெளியிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு மாணவரும் நண்பரும் கட்டுரைகளால் மாலை கட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில்தான் உலகப் போர் நடந்தது. போருக்கும் பாசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருக்கிறது. சிவப்புப் பாசிகளைக் கொதிக்க வைத்து வடித்தால் கிடைப்பது அகர். கீழக்கரைத் தோழியர் வீட்டில் நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுத் தரும் கடல்பாசி இதுதான். இதே அகர்தான் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்க்கும் தட்டுகளிலும் இருக்கிறது. அதற்கு வழி காட்டியவர் ஒரு பெண்மணி என்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஜெர்மனியில் இராபர்ட் காக் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. கிருமி வளர்க்கும் கூழ் வெயிலில் உருகிப் போகிறதே என்று கணவர் வருந்தியபோது, தாம் சமையலில் பயன்படுத்தும் அகரைச் சேர்த்துப் பார்க்கும்படி 1881-இல் சொன்னவர் அவர். அடுப்படி அறிவு ஆய்வுக்கூடத்திற்கு ஏறிய கதை இது! அகர் அன்று பெரும்பாலும் ஜப்பானிலிருந்துதான் வந்தது. போரில் அந்த வரத்து நின்றது. அப்போதுதான் நம் கடற்கரைக் கஞ்சிப்பாசியின் பக்கம் பலருடைய கண் திரும்பிற்று. எந்தப் பாசி எங்கே வளர்கிறது என்று முன்பே யாரேனும் பார்த்து வைத்திருந்தால்தானே அவசரத்திற்கு உதவும்?

ஓய்வு பெற்றதோடு அவர் நுண்ணோக்கியை மூடி வைத்துவிடவில்லை. வால்வாக்ஸ் என்ற பாசியை நாங்கள் பாடநூலில் படத்தில் பார்த்திருக்கிறோம். பச்சை மணிகள் பதித்த கண்ணாடி உருண்டை போல நீரில் உருண்டுகொண்டே செல்லும். தென்னிந்தியாவில் உள்ள அதன் குடும்பத்தைப் பற்றி 1933-இலேயே அவர் எழுதியிருந்தார். அதை விரிவான நூலாக்கும் பணி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1962-இல் இந்தியப் பாசியியல் கழகம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக அவரையே அமர்த்தினார்கள். மறு ஆண்டு, 1963 டிசம்பர் 10-ஆம் நாள், தம் 77-ஆவது பிறந்த நாளுக்கு ஐந்து நாள் இருக்கையில் அவர் காலமானார். அடுத்த டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அவர் காலத்துப் போட் மெயில் போய்ச் சேர்ந்த நிலையம் இன்று மணலில் சில சுவர்கள்.

வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றிய நூல் என்னவாயிற்று? அது 1981-இல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் முதலிலும் மாணவர் தேசிகாச்சாரியின் பெயர் அடுத்தும் அட்டையில் இருந்தன. ஆசிரியர் இறந்து 18 ஆண்டுகள் கழித்து! எங்களில் ஒருத்தி, 18 ஆண்டு என்றால் நம் வயதைவிட மூன்று அதிகம் என்று கணக்குப் போட்டாள். அத்தனை காலம் ஒரு மாணவர் தம் ஆசிரியரின் வேலையைக் கைவிடாமல் வைத்திருந்து முடித்திருக்கிறார். இந்த வரலாறு முழுவதிலும் எங்கள் மனத்தை மிகவும் தொட்டது இதுதான். இன்னொன்றும் உண்டு. பேர்கெசன் என்ற டென்மார்க்கு நாட்டு அறிஞர் தென்னிந்தியக் கடற்பாசிகளைப் பற்றி நம் நாட்டு இதழிலேயே 1937, 1938-ஆம் ஆண்டுகளில் எழுதினார். அவர் 1939-இல் ஒரு பழுப்புப் பாசிக்கு ஐயங்காரியா என்று பெயர் சூட்டினார். குசராத்துக் கடற்கரையில் அது வளர்கிறது. குருவின் பெயரைப் பாசிக்கு வைத்தவரின் பெயரும் ஒரு பாசிக்கே வந்து சேர்ந்தது.

அவர் கற்பித்த நாளில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று கல்லூரியில் ஒரு பாடமே கிடையாது. 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அது கல்லூரிகளில் எல்லாப் பிரிவு மாணவர்க்கும் உரிய பாடமாக வந்து சேர்ந்தது. அவர் வைத்திருந்த பெயர் தாவரவியல். ஆனால் நீர் வற்றினால் என்ன ஆகும், உப்பு மிகுந்தால் எது வளரும், பவளத்தின் மேல் எது பற்றும் என்பவைதாமே அவர் பார்த்தவை?

இப்போது அந்த நான்கு பக்கத்திற்கு வருகிறோம். 1986-இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. குருசடை அதில் ஒன்று. பிறகு 1990-களில் கப்பாபைகஸ் அல்வரேசி என்ற சிவப்புப் பாசி மண்டபம் பக்கம் கொண்டுவரப்பட்டு, மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டது. பிலிப்பைன்சு பக்கத்துப் பாசி அது. விரைவாக வளரும், நல்ல விலை போகும். பல பெண்களுக்கு அதனால் வருமானம் வந்தது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் 2008-ஆம் ஆண்டு, அந்தப் பாசி குருசடையின் பவளப்பாறைகளில் ஏறிப் பவளத்தை மூடிப் படர்ந்திருப்பதாகத் தமிழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்திற்கு வெயில் கிடைக்காவிட்டால் அது வெளிறிச் சாகும். இது வந்தேறிப் பாசியா, முன்பே இங்கிருந்ததா என்று எப்படித் தெரியும்? முன்பு என்னென்ன இருந்தன என்று யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். ஏதும் பறிபோகாத காலத்தில், யாரும் அவசரப்படுத்தாதபோது, அவர் எழுதி வைத்தது அந்த நான்கு பக்கம். எங்கள் ஏமாற்றம் அன்றோடு போய்விட்டது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி நீருக்குள் மூழ்குவார். தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கக் கூடாது என்று பூங்கா வந்த பிறகு தடை இருக்கிறது. பாட்டி காலத்தில் போன இடத்திற்கு நாங்கள் ஏன் போகக் கூடாது என்று அவர் கேட்கிறார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பவளமும் பிழைக்க வேண்டும், தோழியின் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். சின்னப்பாலத்துப் பெண்கள் தாங்களாகவே மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கடலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி என்ற உலகப் பரிசு 2015-இல் அவ்வூர்ப் பெண்மணி ஒருவருக்குக் கிடைத்தது. பாசியை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் மீண்டும் தழைக்கும் என்பது தோழியின் அம்மாவுக்கும் தெரிந்தே இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அவர் அதைப் படிக்கவில்லை.

கண்காட்சியில் நாங்கள் வைத்த தாள்கள் 14. ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப் பெயர், அறிவியல் பெயர், கிடைத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் என்று ஐந்து வரி எழுதினோம். கடைசி வரியில் எங்கள் பெயர்களோடு தோழியின் அம்மா பெயரையும் சேர்த்தோம். பதின்மூன்று தாள்களுக்கு எல்லா வரியும் நிரம்பிவிட்டது. பதினான்காவது பாசி மெல்லிய சிவப்புச் சல்லா போல இருந்தது. ஆசிரியைக்கும் தெரியவில்லை, தோழியின் அம்மா, இதை நாங்கள் எடுப்பதில்லை, இதற்குப் பெயரும் இல்லை என்றுவிட்டார். அதன் முதல் இரண்டு வரிகளையும் வெறுமையாகவே விட்டு, ஆய்வுக்கூட அலமாரியில் வைத்திருக்கிறோம்.